இறக்கத்துக்குப் போட்ட இரண்டு

மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு சக்கர நாற்காலியையும் ஒரு தாளையும் கொடுத்தார்கள். நாற்காலிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தாளுக்கு வாங்கவில்லை.

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது கணக்கப்பிள்ளையாக இருந்தேன். விடிவதற்குள் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைகளுக்குப் பிரித்து அனுப்புவதும், அந்தியில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் நின்று பேர் போடுவதும் என் வேலை. சொன்ன றாத்தல் எடுத்தவளுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. குறைந்துபோனவளுக்கு அரைப்பேர். அரைப்பேர் விழுந்தவளின் முகத்தை நான் பார்ப்பதில்லை. பதினெட்டு வருடங்களில் அப்படிப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.சி. சோதனை எழுதிவிட்டுத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஆனி மாத மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நின்ற கல்கட்டு சரிந்தது. அதன் அடியில் குனிந்து அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது.

கீழே டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடந்தாள். முதுகெலும்பு நசுங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று பெரிய டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் மனைவியிடம் தமிழில் சொன்னேன். மகளிடம் யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

அவளுக்கு உடற்பயிற்சி கொடுத்தவர் சீமையில் படித்துவிட்டு வந்த ஒரு சிங்களப் பெண். வார்டில் எல்லோரும் அவரைப் பயிற்சி மிஸ்ஸி என்றார்கள். கட்டிலில் புரள்வது, உட்காருவது, கட்டிலிலிருந்து ஒரு வழுவழுப்பான பலகை மேல் நகர்ந்து நாற்காலிக்குப் போவது என்று ஒவ்வொன்றாக அவர்தான் கற்றுக்கொடுத்தார். கால் மணிக்கு ஒரு தடவை நாற்காலியின் கைகளை அழுத்தி உடம்பை மேலே தூக்கச் சொல்வார். “உனக்கு நோகாது. அதனால நீதான் ஞாபகம் வச்சுக்கணும். இல்லாட்டிப் புண் வரும்” என்பார். அவருடைய தமிழ் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் எங்களுக்கு எல்லாம் விளங்கியது.

அனுப்பும் அன்று அவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. பிரேக் போடுதல், எடுத்தல், நேராக இருபது எட்டுத் தூரம் ஓட்டுதல், பின்னால் வருதல், நின்ற இடத்தில் திரும்புதல், வாசலுக்குள் நுழைதல், தரையில் விழுந்த பொருளை எடுத்தல், ஏற்றம், இறக்கம் என்று பதினைந்து பதினாறு வேலைகள். எதிரே கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. வாரத்துக்கு ஒரு கட்டம்.

“தகப்பனுக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியும்தானே? தனியா செஞ்சா ரெண்டு போடுங்க. வேற ஆள் கை வச்சா ஒண்ணு. ஏலாட்டி சைபர். மூணு மாசம் போட்டுட்டு அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க. நான் அந்த மலைக்கு வர ஏலாது. உங்க கண்ணாலதான் நான் பார்க்கணும்.”

முழுப்பேர், அரைப்பேர், பேர் இல்லை. எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாற்காலியைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக் கயிறு போட உதவியவர் வார்டு அட்டெண்டன். வயதான மனிதர், வேடிக்கையாகப் பேசுவார். முடிச்சைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “கணக்கப்புள்ள, பத்திரமா வச்சிருங்க. இந்த மாதிரி நாக்காலி இங்க மொத்தமே ரெண்டுதான். ஆம்பள வார்டுல ஒருத்தன் இதுமேல கண்ணு வச்சுக்கிட்டுக் கெடக்கான். ஓட்டத் தெரியாதவங்ககிட்டக் கெடந்து துருப்பிடிக்கவா குடுப்பாங்க? தாளப் பாத்துத்தான் முடிவு செய்வாங்க.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான்தான் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

தாள்களோடு எனக்கு முன்பே ஓர் அனுபவம் இருந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகு, இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எங்கள் ஆட்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து போயின. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போடச் சொன்னார்கள். தோட்டத்தில் பாதிப் பேருக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். என்னுடையதில், நாட்டை விட்டு வெளியே எவ்வளவு காலம் இருந்தீர் என்ற கேள்வி வந்தது. அப்பாவின் காரியத்துக்காகத் திருச்சிப் பக்கம் போய், அங்கே காய்ச்சலில் படுத்து, பதினான்கு மாதம் கழித்துத் திரும்பியதை உள்ளபடி எழுதினேன். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர் என்று நிராகரித்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் என்னைப் போலவே போய்வந்த ஒருவர் அதை எழுதாமல் விட்டார். அவருக்குக் கிடைத்தது. பட்டியல் போடுவது வெட்டுவதற்கு, கேள்வி கேட்பது பிடிப்பதற்கு என்று அன்றிலிருந்து எனக்குள் பதிந்துபோயிற்று. பேர் போட நான் கையில் வைத்திருந்த செக்ரோலும் வேறு எதற்கு இருந்தது?

எங்கள் வீட்டு வாசலில் மூன்று கல்படிகள். நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்க இரண்டு ஆண்கள் வேண்டும். எங்கள் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த, கொழுந்துச் சாக்கு தூக்கும் ஆள் ஒருவர் தினமும் காலையில் வந்து ஒரு பக்கம் பிடிப்பார். மலையில் சமதரை எங்கே இருக்கிறது? பெரட்டுக்களம் ஒன்றுதான். ஆட்கள் மலைக்குப் போன பிறகு அந்தக் களத்தை அவளுக்காக எடுத்துக்கொண்டோம். நான் மலைக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம்.

இரும்பு நாற்காலி. கெட்டி ரப்பர் சக்கரம். ஆஸ்பத்திரியின் வழுவழுப்பான தரையில் ஓடியது இங்கே மண்ணில் முனகியது. முதல் வாரம் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் அவளுடைய ரவிக்கை நனைந்துவிட்டது. நான் நாற்காலிக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். சக்கரம் ஒரு கல்லில் தடுக்கினால் என் கை தானாகப் பிடியில் போய்விடும்.

“அப்பா, கைய எடுங்க.”

“பிடிக்கல புள்ள, சும்மா வச்சிருக்கேன்.”

“வச்சா ஒண்ணுதான? ஒண்ணு போடுங்க.”

போட்டேன். அதில் நான் கறாராகத்தான் இருந்தேன். வாசலில் நுழையும்போது நிலையில் ஒரு பக்கம் இடித்தாலும் ஒன்று. தரையில் விழுந்த சீப்பை எடுக்க அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டால் ஒன்று. மனைவி அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள்: “பெத்த புள்ளைக்கே அரப்பேர் போடுற மனுசன உலகத்துல எங்கயாவது பாத்திருக்கீங்களா?” மகள் சிரிப்பாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் கேட்டது அந்தத் தாளை வைத்துத்தான்.

ஒரு நாள் பிந்தி மலைக்குப் போன ஒருத்தி களத்தோரம் நின்றாள். கூடையைத் தலையில் மாட்டியபடியே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு நான் போட்ட அரைப்பேர்கள் கொஞ்சமல்ல.

“தங்கச்சிக்கு என்னாங்க ஐயா போட்டீங்க?”

“ஒண்ணு.”

“அப்புடீன்னா அரப்பேரா?” என்றாள். “ஐயா, அது பச்ச மண்ணு. எங்களுக்குப் போடுற மாதிரிப் போட்டுறாதீங்க.” சொல்லிவிட்டு மலைக்கு ஏறிவிட்டாள். மகள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது மாதக் கடைசியில் பெரும்பாலான கட்டங்களில் இரண்டு வந்துவிட்டது. அவளுடைய கைகள் தடித்துவிட்டன. உள்ளங்கையில் காய்ப்பு. பலகை இல்லாமலே நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போனாள். ஏற்றத்துக்கும் ஒரு நாள் இரண்டு வாங்கினாள். மீதி இருந்தது இறக்கம்.

களத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து மடுவத்துக்கு ஒரு சரிவு இறங்குகிறது. முப்பது எட்டுத் தூரம் இருக்கும். இறங்கும்போது சக்கரத்தின் வெளி வளையத்தை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே அளவாக. மிஸ்ஸி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் அதைப் பழக்க நேரம் வந்திருக்கவில்லை. அந்தச் சரிவில் நான் ஒரு நாளும் பிடியை விட்டதில்லை. ஒரே ஒரு தடவை அவள் கெஞ்சியதால் விட்டேன். இரண்டு எட்டு போயிருப்பாள். நாற்காலி வலப்பக்கம் திரும்பியது. ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன்.

“இன்னொரு ரெண்டு எட்டு விட்டிருந்தா நானே நேராக்கியிருப்பேன்” என்றாள்.

“ஆக்கியிருப்ப, ஆக்கியிருப்ப” என்று சொல்லி மேலே தள்ளிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு விடவில்லை. ஒவ்வொரு வாரமும் இறக்கத்துக்கு ஒன்று.

மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் காலை. ரயிலடிவரை போக லொறிக்காக வெளிவாசலில் காத்திருந்தோம். மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் தாளை எடுத்து ஒருமுறை பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் வரிசையாக இரண்டு இரண்டாக வந்துகொண்டிருந்தது, ஓர் இடத்தில் மட்டும் ஒன்று. அட்டெண்டன் சொன்னது ஞாபகம் வந்தது. ஆண்கள் வார்டில் கண் வைத்துக்கொண்டு கிடந்தவனை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் முகம் எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. நாற்காலி போய்விட்டால் இவள் மறுபடியும் கட்டிலுக்குப் போவாள், கட்டில் என்றால் புண், புண் என்றால் என்ன என்று வார்டில் பக்கத்துக் கட்டிலில் பார்த்திருந்தேன். ரப்பரால் ஒன்றை அழித்து இரண்டு என்று எழுதினேன். முந்தின வாரத்திலும் அதற்கு முந்தின வாரத்திலும் மாற்றினேன். ஒரே வாரத்தில் திடீரென்று வந்தது போலத் தெரியக்கூடாது என்பதற்காக.

மடுவத்தில் எழுதுவது போலத்தான் எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “நல்லா வேலை செஞ்சிருக்கு” என்றார். பிறகு தாளை வாங்கிக் கீழே வரை வாசித்தார். ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். பிரேக் போட்டாள், எடுத்தாள். வராந்தாவில் நேராகப் போய்த் திரும்பி வந்தாள். மிஸ்ஸி கீழே போட்ட பென்சிலை, ஒரு கையால் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தாள். வாசல் நிலையில் இடிக்காமல் நுழைந்தாள். அட்டெண்டன் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

“இந்தப் புள்ளைய நுவரெலியா குதிர ரேசுக்கு விடலாம் மிஸ்ஸி. மொதல்ல வரும்.”

“எனக்கும் கொள்ளு குடுப்பீங்களாண்ணே?” என்று கேட்டாள் மகள். வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

வார்டுக்குப் பின்னால் சமையலறைக்குப் போகும் சிமெந்துச் சரிவு ஒன்று உண்டு. சாப்பாட்டு வண்டி ஏற்றி இறக்குவது. அடியில் ஒரு சின்ன வாய்க்கால், அதன் மேல் பாதி மூடியும் மூடாமலும் ஒரு பலகை. மிஸ்ஸி மேலே நின்று தாளைப் பார்த்தார்.

“இறக்கம்... ரெண்டு. மூணு வாரமா ரெண்டு. சரி. அப்ப பின்னால ஆள் வேணாம். நான் கீழ நிக்கிறேன். தகப்பன், நீங்க இங்கயே நில்லுங்க.”

அவர் கீழே இறங்கினார். மகள் சரிவின் விளிம்பில் நாற்காலியை நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேண்டாம் என்ற ஒரு வார்த்தை. நான் தலையை ஆட்டினேன். போ என்பது போல.

போனாள். முதல் ஐந்தாறு எட்டு சரியாகத்தான் இருந்தது. பிறகு இடது கை பிடித்ததும் வலது கை பிடிக்கவில்லை. நாற்காலி ஒரு பக்கமாகத் திரும்பி வேகமாக இறங்கியது. மிஸ்ஸி கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். முன் சக்கரம் பலகைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் விழுந்தது. மகள் முன்னால் விழுந்தாள், நாற்காலி அவள் மேல் கவிழ்ந்தது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ஒரு சக்கரம் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

“நோகலப்பா. ஒண்ணுமில்ல” என்று கீழேயிருந்து சொன்னாள்.

தூக்கி உட்காரவைத்தோம். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, நெற்றியில் ஒரு சிராய்ப்பு. மிஸ்ஸி தலையையும் கண்ணையும் கைகளையும் பார்த்தார். மருந்து போட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது.

“வீட்டில எப்படி எறங்கினது?” என்று என்னிடம் கேட்டார்.

“அங்க மண்ணுங்க மிஸ்ஸி. இங்க சிமெந்து. அதான்” என்றேன்.

இரண்டாவது பொய் முதல் பொய்யை விடச் சுலபமாக வந்தது. இன்னொரு நாள் பார்க்கலாம், நாற்காலியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். நாற்காலி தப்பிவிட்டது என்று நினைத்தேன். ரயிலில் வரும் வழியெல்லாம் அவள் ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

மறுநாள் காலை நான் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வந்து நின்றாள். பெரட்டு நடக்கும்போது அவள் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. ஆட்கள் விலகி வழிவிட்டார்கள்.

“என்னாங்க, குளிக்கத் தண்ணி வாக்கையில பாத்தேன். புள்ளைக்கு ஒரு தொட மட்டும் வேற மாதிரி இருக்கு.”

கடைசிப் பேரையும் கூப்பிட்டுவிட்டுத்தான் போனேன். அதை ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வரிசையில் எட்டோ ஒன்பதோ பேர் மிச்சம் இருந்தார்கள்.

இடது தொடை முழங்காலுக்கு மேலே வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. காலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். முழங்கால் இல்லாத இடத்தில் கால் மடங்கியது. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாருடைய காலையோ பார்ப்பது போல.

“ஒடஞ்சிருக்காப்பா?” என்று கேட்டாள்.

“இருக்கும்.”

“ராவெல்லாம் நல்லாத் தூங்குனேனே” என்றாள்.

மறுபடியும் லொறி, மறுபடியும் ஆஸ்பத்திரி. எலும்பு முறிந்திருந்தது. நடக்காத காலில் எலும்பு மெலிந்துபோகும், கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலே போதும் என்று டாக்டர் சொன்னார். மாவுக்கட்டு போட்டால் உள்ளே புண் வந்தாலும் இவளுக்குத் தெரியாது. அதனால் தலையணைகளும் மரச்சட்டங்களும் வைத்துக் காலைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். பல வாரங்கள் ஆகும் என்றார்கள். நான் தோட்டத்துத் துரையிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். கொடுத்தார். அந்த மூன்று நாளும் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டேனா, எங்கே படுத்தேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. அழவில்லை என்பது மட்டும் தெரியும். அழ வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மூன்றாவது நாள் மகளிடம் சொன்னேன்.

“அந்த ரெண்டு... நான் அழிச்சுட்டு எழுதுனது புள்ள.”

“தெரியும்ப்பா.”

“எப்புடி?”

“எனக்கு முன்னாலதான உக்காந்து அழிச்சீங்க? அம்மா தலைய இழுத்துப் பின்னிக்கிட்டு இருந்திச்சி, திரும்பத்தான் முடியல. கண்ணு தெரியாதா என்னா?”

“தெரிஞ்சுமா போன? ஏலாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “நீங்க எழுதிட்டீங்க. அந்த மிஸ்ஸி அதக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. ஏலாதுன்னா அப்பா பொய் எழுதுனாருன்னு ஆயிறாது? ஒருவேள எறங்கிருவேன்னு நெனச்சேன்.”

கால் மணி ஆகியிருக்கும். நர்ஸ் வந்து அவளைப் பக்கவாட்டில் சாய்த்து முதுகைத் துடைத்துவிட்டுப் போனாள்.

“அந்தத் தாள இனிமே நான் எழுதுறேன்” என்றாள் மகள்.

அன்று மத்தியானம் வராந்தாவில் மிஸ்ஸியைப் பிடித்தேன். அவரிடமும் சொன்னேன். மிஸ்ஸி, இறக்கத்துக்கு நான் போட்ட ரெண்டு பொய், ஒரு நாளும் அவள் தனியாக இறங்கியதில்லை என்று.

“ஏன் அப்படிப் போட்டது?”

“ஒண்ணு இருந்தா நாக்காலிய எடுத்துருவீங்கன்னு.”

“யார் சொன்னது?”

அட்டெண்டன் இரண்டு கட்டில் தள்ளித் தரை துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்தேன் என்றேன். பார்க்கப்போனால் அதுதான் உண்மையும்.

“அந்தச் செயார் அவளுக்குத்தான். அவளுக்கு வேணும்வரைக்கும் அவகிட்ட இருக்கும்” என்றார். “எல்லாம் ரெண்டு எண்டா எனக்கு என்ன வேலை? எங்க ஒண்ணு, எங்க சைபர் எண்டு பார்த்துத்தான் நான் படிச்சுக் கொடுக்கணும். அதுக்குத்தான் அந்தத் தாள். நீங்க உள்ளதப் போட்டிருந்தா, அண்டைக்கு வந்த உடனே இறக்கத்தத்தான் பழக்கியிருப்பேன்.” குரலை உயர்த்தவில்லை. “நானும் பின்னால நிக்காமப் போனேன். அது என் பிழை” என்றும் சொன்னார்.

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. ஆனால் முழுவதுமாகச் சேர்த்து விளங்க எனக்கு வெகுநாள் பிடித்தது. அரைப்பேர் விழுந்தவளிடம் போய், கையை இப்படி வை, கொழுந்தை இப்படி ஒடி என்று நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு முன்னால் இருந்த கணக்கப்பிள்ளையும் சொல்லிக்கொடுத்ததில்லை. குறைந்தால் குறைத்துப் போடுவது. அதற்குமேல் ஒரு குறியில் என்ன இருக்க முடியும் என்று நாங்கள் யோசித்ததே கிடையாது.

கால் கூடியது. கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. அதனால் அவளுக்கு நட்டம் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அப்படிச் சொல்வது சரிதான். ஆனால் மனைவி இன்றும் அந்தக் காலை மட்டும் தனியாக எண்ணெய் தடவி நீவிவிடுகிறாள். அந்தத் தடவை மிஸ்ஸி அவளை இரண்டு வாரம் கூடுதலாக வைத்திருந்து சமையலறைச் சரிவில் பழக்கினார். அட்டெண்டனை வைத்து வாய்க்காலுக்கு முழுப் பலகை போட்டு மூடச்செய்தார். நாற்காலியின் பிடியில் ஒரு பட்டியைக் கட்டித் தன் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் இறங்குவார். பட்டி தொய்வாக இருக்கும்வரை அவள் தனியாக இறங்குகிறாள் என்று கணக்கு. நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பாதிச் சரிவு வரைக்கும் பட்டி தொய்வாகவே இருந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை, வார்டுக்குள் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தாள் அவளிடம்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கொப்பியில் போடுவது போலச் சிவப்புப் பென்சிலால் எழுதினாள். எனக்குக் காட்டுவதில்லை. கேட்டால் காட்டுவாள். பழைய தாளை மிஸ்ஸியிடமிருந்து கேட்டு வாங்கி, நான் அழித்து எழுதிய மூன்று கட்டங்களிலும் இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று திருத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இதை மிஸ்ஸிதான் எனக்குச் சொன்னார்.

ஒரு வருடத்துக்குள் படிகளுக்குப் பக்கத்தில் மண் போட்டு ஒரு வழி செய்துகொண்டோம். பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் போகத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் மடுவத்துக்கு அந்தப் பக்கம். ஆகவே தினமும் அந்தச் சரிவில்தான் இறங்க வேண்டும். மிஸ்ஸி கொடுத்த பட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போவேன். சாயங்காலம் ஏறி வருவதற்கு அவளுக்கு யாரும் தேவையில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மிஸ்ஸியைப் பார்க்கப் போகிறோம். தாளில் இப்போது எல்லாம் இரண்டு. இறக்கத்துக்கு மட்டும் ஒன்று. நான்கு வருடங்களாக ஒன்று. முதலில் அவளால் முடியவில்லை என்று நினைத்தேன். கொஞ்ச நாளாக அப்படித் தெரியவில்லை. நாற்காலி நேராக, ஒரே சீராக இறங்குகிறது.

போன மாதம் அவளிடம் கேட்டே விட்டேன். “ஒன்னாலதான் முடியுதே. இன்னமும் ஏன் ஒண்ணு போடுற?”

“முடியுதா இல்லியான்னு எனக்கு எப்புடிப்பா தெரியும்? நீங்க இழுத்துக்கிட்டே வர்றீங்க.”

“நான் எங்க இழுக்குறேன்? பட்டி தொய்வாத்தான் இருக்கு.”

“சரி, நாளைக்குப் பட்டிய விட்டுட்டு வாங்க. சும்மா பின்னால நடந்து வாங்க. பாப்போம்.”

மறுநாள் காலை பட்டியை அவிழ்த்து அவள் மடியில் வைத்தேன். சரிவின் மேலே அவள் நாற்காலியை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் வளையத்தில் வைத்து இறங்கத் தொடங்கினாள். நான் நாற்காலியை ஒட்டியே பின்னால் நடந்தேன். மடுவத்தில் சாக்கு உதறிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நேராக இறங்கினாள். அடிவரைக்கும் போய் நின்றாள். நான் மூச்சு விட்டேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இறக்கத்துக்கு ஒன்று என்றுதான் எழுதியிருந்தாள்.

“நாக்காலிப் பிடிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்கப்பா” என்றாள். “மேலருந்து கீழ வரைக்கும்.”

நான் விட்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.